அரசு மருத்துவமனை அலுவலகத்தில் அப்ரண்டிஸ்: புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.காம். முடித்த கையோடு அரசு மருத்துவமனையில் ஓராண்டு அப்ரண்டிஸ் சேரப்போகிறேன் என்று சொன்னதும் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கேட்டார்: "கணக்குப் படிச்சுப்போட்டு ஆசுபத்திரில போயி என்ன கண்ணு பண்ணுவே?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மருத்துவர் எழுதிய மாத்திரை மருந்தகத்தில் இருக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே யாரோ இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டிருக்க வேண்டும். செவிலியர்களுக்கு மாதக் கடைசியில் சம்பளம் ஏற வேண்டுமென்றால் யாரோ பட்டியல் தயாரித்துக் கருவூலத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் விவரம், பழுதான லிஃப்ட், ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் பால், ரொட்டி எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு உண்டு. அந்தக் கோப்புகள் இருக்கும் இடம்தான் நாம் பயிற்சி எடுக்கப்போகும் இடம்.

நான் பயிற்சி எடுத்தது கொங்குப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையில். அந்த ஓராண்டில் கற்றதையும் தவறவிட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன்

அப்ரண்டிஸை அரசுத் தமிழில் தொழிற்பழகுநர் என்பார்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ரொம்ப காலம் இது ஐ.டி.ஐ., டிப்ளமோ, இன்ஜினியரிங் படித்தவர்களுக்கான வழியாகவே இருந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. போன்ற படிப்பு முடித்தவர்களுக்கும் கதவு திறந்தது. பட்டதாரிகள் நாட்ஸ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. முதலில் பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது என்ற அறிவிப்பை அடிக்கடி பாருங்கள். உங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பணம் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். 2019இல் திருத்திய விதிகள் பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகையை வைத்தன. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை நீங்கள் சேரும்போது நடப்பில் இருக்கும் குறைந்தபட்சத் தொகையைவிடக் குறைவாக இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே காரணம் கேளுங்கள். அந்தத் தொகையில் மத்திய அரசின் பங்கும் உண்டு. அதனால் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு கையில் இருக்கட்டும். பட்டச் சான்றிதழிலும் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்வதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.

ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள். சட்டத்தின் பார்வையில் நீங்கள் பயிற்சி பெறுபவர், ஊழியர் இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. ஆனால் பயிற்சி நேரத்தில் அடிபட்டால் இழப்பீட்டுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. "ஓராண்டு இருந்தால் பர்மனென்ட் பண்ணிருவாங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அலுவலக வேலைதானே என்று விட்டுவிடாதீர்கள். வார்டுக்குக் காகிதம் கொண்டுபோகிற வேலை தினமும் இருக்கும்.

எந்தக் குடையின் கீழ் இருக்கிறீர்கள்?

அரசு மருத்துவமனை எல்லாம் ஒரே துறை என்றுதான் வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உள்ளே வந்ததும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் மருத்துவமனை எந்த இயக்ககத்தைச் சேர்ந்தது என்பதுதான். கோவை, பெருந்துறை, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் போன்ற ஊர்களில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் கீழ் வரும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் தாலுகா மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ் வரும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பொது சுகாதாரத் துறை. கடிதம் யாருக்குப் போக வேண்டும், அறிக்கையை யார் கேட்பார்கள், யார் ஆணை போட்டால் செல்லும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. திருப்பூரிலும் நாமக்கல்லிலும் மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டன. அதனால் பழைய கோப்புகளில் ஒரு இயக்ககத்தின் முகவரியும் புதிய கோப்புகளில் வேறொன்றும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

மருத்துவமனைக்குத் தலைமை, மருத்துவக் கல்லூரியென்றால் டீன், மற்ற இடங்களில் தலைமை மருத்துவர் அல்லது கண்காணிப்பாளர். அன்றாட நிர்வாகம் ஆர்.எம்.ஓ. எனும் நிலைய மருத்துவ அலுவலர் கையில் இருக்கும். அலுவலகப் பக்கம் நிர்வாக அலுவலர், அலுவலகக் கண்காணிப்பாளர், உதவியாளர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், பதிவறை எழுத்தர், அலுவலக உதவியாளர் என்று வரிசை. அலுவலகத்தில் ஐயா, அம்மா அல்லது சார், மேடம், செவிலியர்களை சிஸ்டர், வார்டுப் பணியாளர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். இந்த அண்ணன் அக்காக்கள்தான் முதல் மாதம் உங்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகப் போகிறவர்கள். எக்ஸ்ரே அறைக்குக் குறுக்கு வழி எது, எந்த வார்டு சிஸ்டர் எந்நேரம் ஓய்வாக இருப்பார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் வாரம் நாற்காலியில் உட்காராதீர்கள்

அரசு அலுவலக நேரம் காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை. ஆனால் முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை மட்டும் வெளிநோயாளிகள் பிரிவு திறப்பதற்கு முன்பே போய்விடுங்கள். ஞாயிறு முழுக்கப் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வருவார்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் நின்று, யாராவது ஒரு வயதானவருக்கு உதவியாகச் சீட்டு வாங்குவதிலிருந்து மருந்து வாங்குவது வரை கூடவே நடந்து பாருங்கள். சீட்டு, மருத்துவர், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மறுபடியும் மருத்துவர், மருந்து. எத்தனை இடத்தில் அவர் பெயரைச் சொன்னார், எத்தனை இடத்தில் எழுதினார்கள், எங்கே வழி தெரியாமல் நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் கூட நடந்த ஒரு அப்பாரு எட்டு இடத்தில் பெயரைச் சொன்னார். ஒன்பதாவது இடத்தில், "ஏனுங்க, இத்தன தடவ எழுதறீங்களே, ஒருத்தரு எழுதுனது இன்னொருத்தருக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். மருத்துவமனைப் பதிவுகள் ஏன் கணினிக்கு மாற வேண்டும், அது எங்கே தடைப்படுகிறது என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது அந்தக் கேள்வியில் இருந்துதான்.

அந்த வாரத்திலேயே சில சொற்கள் காதுக்குப் பழகிவிட வேண்டும். ஐ.பி. நம்பர் என்றால் உள்நோயாளி எண். ஏ.ஆர். என்றால் விபத்துப் பதிவேடு. எம்.எல்.சி. என்றால் போலீஸ் சம்பந்தப்பட்ட வழக்கு. கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி, ரெஃபரல் இதெல்லாம் கேட்டாலே தெரியும். ஏ.ஆர். நகல், எம்.எல்.சி. காகிதம் எதையும், யார் கேட்டாலும், எவ்வளவு பாவமாகக் கேட்டாலும், நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். அதற்கு முறையான விண்ணப்பமும் அதிகாரியின் ஆணையும் வேண்டும்.

ஒரு தபாலைப் பிடித்துக்கொண்டு போங்கள்

அலுவலகம் எப்படி ஓடுகிறது என்று புரிய எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரே ஒரு தபால் வந்த நிமிடத்திலிருந்து முடிகிற வரைக்கும் அதைத் தொடர்வது. நான் தொடர்ந்தது மருந்தகத்திலிருந்து வந்த ஒரு அரைப்பக்கக் கடிதம். தடுப்பு மருந்தும் இன்சுலினும் வைக்கும் குளிர்பெட்டி சரியாகக் குளிரவில்லை என்று மருந்தாளுநர் எழுதியிருந்தார்.

காலையில் தபால் எல்லாம் அதிகாரியின் மேசைக்குப் போகும். அவர் ஒவ்வொன்றிலும் தேதியோடு சுருக்கொப்பம் போட்டு, எந்தப் பிரிவுக்கு என்று குறிப்பார். பகிர்மானப் பதிவேட்டில் ஏறியதும் அதற்கு ஒரு ந.க. எண் கிடைக்கும். அன்றிலிருந்து அந்தக் காகிதத்துக்கு அதுதான் பெயர். சம்பந்தப்பட்ட இருக்கையில் இருக்கும் உதவியாளர் அதைத் தன்பதிவேட்டில் எழுதிக்கொள்வார். என்றைக்கு வந்தது, என்ன செய்தோம், யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்று ஒவ்வொரு அசைவும் அந்தத் தன்பதிவேட்டில் இருக்கும். ஒருவர் திடீரென்று விடுப்பில் போனாலும் அடுத்தவர் அதைப் பார்த்து வேலையைத் தொடரலாம்.

அப்புறம் அலுவலகக் குறிப்பு. இதை எழுதக் கற்றுக்கொண்டால் ஓராண்டில் பாதி சம்பாதித்தது மாதிரி. முதல் பத்தியில் என்ன வந்திருக்கிறது, அடுத்து இதைப் பற்றி ஏற்கெனவே கோப்பில் என்ன இருக்கிறது, அதற்கடுத்து விதி என்ன சொல்கிறது, கடைசியில் என்ன செய்யலாம் என்ற யோசனை. முடிவில் "ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது." நான் முதலில் எழுதிய குறிப்பு ஒன்றரைப் பக்கம் வந்தது. எங்கள் கண்காணிப்பாளர் அம்மா படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "பொட்டி இப்ப எத்தன டிகிரில இருக்குது?" அது என் குறிப்பில் எங்கேயும் இல்லை. மருந்தகத்துக்கு ஓடினேன். தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த வெப்பமானி 11 காட்டியது. மருந்தாளுநர் மருந்துகளை ஏற்கெனவே வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டிருந்தார். அந்த இரண்டு விவரத்தையும் முதல் வரியில் வைத்து அரைப்பக்கமாக எழுதியதும் அன்றைக்கு மதியமே ஒப்பம் ஆகிவிட்டது.

அதன் பிறகு கடிதம். அரசுக் கடிதத்தின் அமைப்பு மாறவே மாறாது: அனுப்புநர், பெறுநர், ஐயா/அம்மையீர், பொருள், பார்வை, செய்தி, இணைப்பு. பொருள் வரியைக் கோடு போட்டுப் பிரித்து எழுதுவார்கள். எங்கள் கடிதத்தில் இப்படி இருந்தது: "மருந்தகம் – குளிர்பெட்டி பழுது – உடனடியாகச் சரிசெய்து தரக் கோருதல் – தொடர்பாக." பார்வை என்ற இடத்தில் முந்தைய கடிதத்தின் எண்ணும் நாளும் வரும். அதில் ஒரு எண் தப்பினாலும் எதிர்முனையில் இருப்பவரால் பழைய கோப்பை எடுக்க முடியாது.

கடைசியில், வேலை முடிந்த கோப்பை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று வகை உண்டு. ஒரு மதியம் பதிவறைக்குப் போய் எழுத்தரோடு உட்கார்ந்து சிவப்பு நாடா கட்டிய பழைய கோப்பு ஒன்றை வாங்கிப் படியுங்கள். அந்தக் காலத்துக் கண்காணிப்பாளர்கள் எழுதிய குறிப்புகளில் ஒரு சொல் மிச்சம் இருக்காது.

ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. அதனால் குறிப்பும் கடிதமும் பெரும்பாலும் தமிழில்தான். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்வதற்கு முன்பே பழகிக்கொண்டு போங்கள். செல்போனில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்கிப் பழகியவர்களுக்கு முதல் மாதம் கை ஓடாது.

பெயர் எழுதும் வேலை

பதிவு கவுன்டரிலோ பிறப்பு, இறப்பு விவரம் ஏற்றும் இடத்திலோ உங்களைச் சில வாரம் உட்கார வைப்பார்கள். பார்க்க எளிதான வேலை. நான் மிகப் பெரிய தவறு செய்தது இங்கேதான்.

நம் பக்கத்துப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளில் நான்கைந்து பழனிசாமி வருவார்கள். ஒருவர் ரேஷன் கார்டில் பழனிசாமி, இன்னொருவர் பழனிச்சாமி. சுப்பிரமணியம், சுப்ரமணியம். ராமாத்தாள் என்று ஆதாரில் இருப்பவரை வீட்டில் ராமாத்தா என்பார்கள், கூட வந்த மருமகள் அப்படித்தான் சொல்லுவார். ஊர்ப் பெயரும் அப்படித்தான். இரண்டு ஊருக்கு ஒரு ஊர் பாளையம் என்று முடியும். புதுப்பாளையம் என்று மட்டும் எழுதினால் எந்தப் புதுப்பாளையம்? தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குக் கதவு எண்ணைவிடத் தோட்டத்துப் பெயர்தான் அடையாளம்.

ஆசனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன். மனைவிக்கு எங்கள் மருத்துவமனையில் பிரசவம், பெண் குழந்தை. விவரத்தைக் கேட்டு ஏற்றியது நான். அவர் வாயால் சொன்னதைக் காதால் கேட்டு, அப்பா பெயரை நாச்சிமுத்து என்று அடித்தேன். அவர் ஆதாரில் இருந்தது நாச்சிமுத்துசாமி. அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. அடித்ததைப் படித்தும் காட்டவில்லை. கூட்டம் அதிகமாக இருந்தது என்பது உண்மைதான், ஆனால் அட்டையைப் பார்க்க அரை நிமிடம் போதும். சில வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். விடியற்காலையில் பஸ் ஏறி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சத்தியமங்கலத்தில் மாறி, பத்தரை மணிக்கு என் முன்னால் நின்றார். கையில் சான்றிதழ், ஒரு மஞ்சப்பை. "ஏனுங்க தம்பி, பேங்குல பேரு ஒத்துவரலீங்கறாங்க. ரெண்டு எழுத்துத்தானுங்களே, இப்பவே மாத்திக் குடுத்துருங்க, சாயங்கால வண்டியப் புடிக்கோணும்."

பதிவாகிவிட்ட பிறப்பை அப்படி நின்ற இடத்தில் மாற்ற முடியாது. பதிவாளரிடம் விண்ணப்பம், ஆதாரங்கள், பிறகு திருத்தம். அன்றைக்கு அவர் வேலை முடியவில்லை. இன்னொரு முறை வந்தார். இரண்டு நாள் காட்டு வேலைக் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. என்னைத் திட்டவே இல்லை. இரண்டாவது முறை வந்தபோது குழந்தையையும் தூக்கி வந்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க தம்பி" என்றார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்த முறை இது. அட்டையைக் கையில் வாங்காமல் பெயரை அடிக்க மாட்டேன். அட்டை இல்லாதவரிடம் வீட்டுக்குப் போன் போட்டு படம் அனுப்பச் சொல்லிக் கேட்பேன். தமிழ்ப் பெயரைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதச் சொல்வேன். எழுதத் தெரியாதவருக்கு நான் எழுதி, கூட வந்தவரிடம் காட்டுவேன். திரையில் அடித்ததை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டுவேன்: "ச்-க்கு அப்புறம் சா வருதுங்களா, இல்லைங்களா?" சமர்ப்பிக்கும் பொத்தானை அதற்குப் பிறகுதான் தொடுவேன். திருப்பூரிலும் ஈரோட்டிலும் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை வேலைக்கு ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் பெயரைக் காதால் கேட்டு எழுதவே கூடாது. ஆதாரைப் பார்த்து மட்டுமே எழுத வேண்டும்.

வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய இரண்டு செய்தி. பிறப்பை 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. குழந்தைக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லையென்றால் பெயர் இல்லாமலே பதியலாம், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். குலதெய்வம் கோயிலில்தான் பெயர் வைப்போம் என்று சொல்லும் குடும்பங்கள் இதைக் கேட்டதும் நிம்மதியாகிவிடுவார்கள்.

மருந்துக் கிடங்கும் காப்பீட்டு மேசையும்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுக்கத் தேவையானதை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைக்கும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் ஒதுக்கிய தொகைக்குள் மருந்து எடுத்துக்கொள்ளலாம், எடுக்க எடுக்கக் கழியும். வணிகவியல் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கிடங்கில் பழக வேண்டியது காலாவதித் தேதி. முதலில் வந்ததை முதலில் கொடு என்று கல்லூரியில் படித்திருப்போம். இங்கே முதலில் காலாவதியாவதை முதலில் கொடுக்க வேண்டும். புதிய பெட்டிகளை முன்னால் அடுக்கிவிட்டால் பழையது பின்னால் கிடந்து வீணாகும். இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் அலமாரியில் உள்ளதும் ஒன்றா என்று வாரம் ஒரு மருந்தையாவது எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பதிவேட்டை நீங்களாகத் திருத்தாமல் பொறுப்பு மருந்தாளுநரிடம் சொல்லுங்கள்.

காப்பீட்டு மேசைக்கு நீங்களாகக் கேட்டு வாங்கிப் போங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் எப்படியும் இலவசம்தானே, காப்பீடு எதற்கு என்று நோயாளிகளும் கேட்பார்கள், நானும் கேட்டேன். காப்பீட்டில் வரும் பணம் மருத்துவமனைக்கு வருகிறது. கருவிகள், பராமரிப்பு போன்றவற்றுக்கு அது கை கொடுக்கிறது. ஆகவே தகுதியுள்ள ஒருவரைக் காப்பீட்டில் சேர்க்காமல் விட்டால் அது மருத்துவமனைக்கு நஷ்டம்.

அந்த மேசையில் நடப்பது இதுதான். நோயாளியின் அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் சரிபார்ப்பு. மருத்துவரின் குறிப்பும் பரிசோதனை முடிவுகளும் ஏற்றம். முன் அனுமதி கேட்டல். சிகிச்சை முடிந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு மற்ற ஆவணங்களும் சேர்த்துப் பணம் கோருதல். ஒரு ஸ்கேன் அறிக்கை விடுபட்டாலே கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வந்தவற்றை ஒரு மாதம் ஒரு தாளில் காரணம் காரணமாக எழுதி வைத்தேன். பெரும்பாலும் இரண்டே காரணம்தான் வந்தது: அறிக்கையில் பெயர் வேறாக இருந்தது, அல்லது தேதி தெரியவில்லை. அந்தத் தாளை ஆர்.எம்.ஓ.விடம் காட்டியதும் வார்டு சிஸ்டர்களுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். பயிற்சிக்கு வந்தவர் செய்யக்கூடிய உருப்படியான வேலை இந்த மாதிரி எண்ணிக்கைதான். வேலை நெருக்கடியில் இருப்பவர்களுக்கு உட்கார்ந்து எண்ண நேரம் இருக்காது.

படுக்கைக் கணக்கு

மாத அறிக்கையில் படுக்கை நிரம்பல் விகிதம் என்று ஒன்று கேட்பார்கள். ஒவ்வொரு வார்டும் நள்ளிரவுக் கணக்கு அனுப்பும். 30 படுக்கை உள்ள வார்டு, 30 நாள் மாதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900 படுக்கை நாட்கள். தினமும் நள்ளிரவில் இருந்த நோயாளிகளைக் கூட்டினால் 1,035 வருகிறது என்றால் விகிதம் 115 சதவீதம். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று நான் மூன்று முறை கூட்டினேன். அப்புறம் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். கூடுதலான அந்த 15 சதவீதம் கட்டிலுக்கு நடுவே தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தது. கூடுதல் கட்டில், கூடுதல் பணியிடம் கேட்டு எழுதும் கடிதத்துக்கு இந்த எண்தான் ஆதாரம். எந்த அறிக்கைக்கு எண் தயாரித்தாலும் ஒரு முறை வார்டுக்குப் போய்வந்து பிறகு அனுப்புங்கள்.

செய்யவே கூடாதவை

யாருடைய கையெழுத்தையும், "அவர்தான் போடச் சொன்னார்" என்றாலும், போடாதீர்கள். பணம் கைமாறும் எந்த வேலையிலும் ரசீது இல்லாமல் நிற்காதீர்கள். அதிகாரியின் கடவுச்சொல்லை உங்களிடம் கொடுத்து வேலை செய்யச் சொன்னால், பணிவாக, "நீங்க பக்கத்துல இருங்க சார், நான் அடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிப் பழகுங்கள். சம்பளம், விடுப்பு, பணிப்பதிவேடு எல்லாம் இப்போது களஞ்சியம் மென்பொருளில் இருக்கின்றன. அதில் யார் நுழைவில் என்ன நடந்தது என்று பதிவாகும்.

நோயாளி விவரம் வாசலைத் தாண்டக் கூடாது. உங்கள் ஊர்க்காரர் யாராவது வார்டில் இருந்தால் வீட்டில் போய்ச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர் விவரத்தை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் அடையாளம் வெளியே போகக் கூடாது என்பதும் சட்டம். கேஸ் ஷீட்டைச் செல்போனில் படம் எடுப்பது, வார்டில் செல்ஃபி எடுப்பது இரண்டும் வேண்டாம்.

குப்பைத் தொட்டி நிறத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் பையில் ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத் துணி, சிவப்பில் பிளாஸ்டிக் குழாய்கள், துளைபடாத வெள்ளை டப்பாவில் ஊசி, நீலத்தில் கண்ணாடி. டீ டம்ளரை மஞ்சள் பையில் போட்டுவிட்டு வராதீர்கள். ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் அந்த நிமிடமே சொல்லுங்கள். அதற்கான மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் பயன்.

நாட்குறிப்பும் கடைசி மாதமும்

தினமும் மாலை ஐந்து வரி எழுதுங்கள்: எந்தப் பிரிவு, என்ன செய்தேன், எது புரியவில்லை. பயிற்சி அறிக்கை கேட்கும்போது இதுவே போதும். மார்ச் மாதம் வரும்போது நிதியாண்டு முடிவு. கணக்குப் பிரிவில் எல்லாரும் இரவு வரை இருப்பார்கள். அந்த மாதம் விடுப்பு எடுக்காமல் அங்கே உட்காருங்கள். கருவூலத்துக்குப் போன பட்டியல் (பில்) எப்படித் திரும்பி வருகிறது, எதற்காகத் தணிக்கையில் கேள்வி எழுகிறது என்று ஒரு மாதத்தில் கற்கலாம்.

மாலை நேரத்தில் தட்டச்சு வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலைத் தட்டச்சுத் தேர்வு முடித்து, கணினி அலுவலகப் பயிற்சிச் சான்றிதழும் வாங்கிவிட்டால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் தட்டச்சர் பணிக்கும் வழி திறக்கும். நான்கு மணிக்கு எழுந்து குரூப் 4 படித்துவிட்டு அப்ரண்டிஸுக்கு வந்த ஒரு தங்கை எங்களோடு இருந்தாள். பாடப்புத்தகத்தில் பொது நிர்வாகம் வரும் இடமெல்லாம் அவளுக்கு முந்தைய நாள் பார்த்த கோப்பாகவே தெரிந்ததாம்.

கடைசி வாரத்தில் உங்களிடம் இருக்கும் கோப்புகளைப் பட்டியல் போட்டு, எது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி ஒப்படைத்து ஒப்பம் வாங்குங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். பயிற்சி முடித்த சான்றிதழ் வாரியத்திலிருந்து வர, நாட்ஸ் தளத்தில் உங்கள் பதிவும் மாத அறிக்கைகளும் நிறைவாக இருக்க வேண்டும். விடுபட்டது இருந்தால் அங்கே இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகு அதற்காக அலைவது கஷ்டம். சான்றிதழ் கைக்கு வந்ததும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் அதைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் நாட்குறிப்பின் நகல் ஒன்றை அடுத்து அந்த மேசைக்கு வரும் அப்ரண்டிஸுக்கு விட்டுவிட்டு வாருங்கள். குளிர்பெட்டி மெக்கானிக்கின் போன் நம்பரையும் அதில் எழுதி வையுங்கள்.